மறுதாம்புச் சோளம்

செடிக்குக் கால் கிடையாது. மாடு வந்தால் ஓட முடியாது. அதனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது சமையல் கற்றுக்கொண்டது. முதலில் வெயிலைக் கொண்டு சர்க்கரை, பிறகு விஷம். சோளம் இதில் பெரிய கெட்டிக்காரி. விஷச்சரக்கை ஓர் அறையிலும் அதை உடைத்துவிடும் சரக்கை வேறோர் அறையிலும் வைத்திருக்கும். மாடு மென்றால் இரண்டும் கலந்து சயனைடு வரும். சிதம்பரத்தில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்தபோது இதில் மயங்கிப்போனேன். இதையே ஆராய்ச்சி செய்ய இடமும் கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்கள் ஊர். சனிக்கிழமை காலை அப்பா பசுவைக் கொல்லைக்கு ஓட்டிப்போனார். அறுத்த சோளக்கட்டைகளில் மறுதாம்பு துளிர்த்து, மழையில்லாமல் வாடிக் கிடந்தது. அந்தத் துளிரில்தான் விஷம் அதிகம்.

"வுடாதப்பா, செத்துப்போயிடும்."

"கரும்பு மறுதாம்ப மாடு திங்கல? அதே மாரிதான் இதுவும். வந்துட்டா, பெரிய படிப்பு படிச்சவ."

பரம்பரையாகக் கரும்பு போட்ட குடும்பம். அவருக்கு எல்லா மறுதாம்பும் ஒன்றுதான். மேய்ந்த பசு திரும்பி வரப்பைத் தாண்டவில்லை. வாயில் நுரை தள்ள விழுந்து, காலை உதைத்து உதைத்துச் செத்தது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "பொண்ணு சொன்னது கரெக்ட்டுங்க," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. எவ்வளவு மடச்சி நான்!

"அதத்தான் நானும் சொல்றேன் டாக்டர்," என்றார் அப்பா. "செத்துப்போயிடும்னா, செத்துப்போச்சு. கருநாக்கு!"

அம்மா ஊர் பார்க்க என் தாடையைப் பிடித்து நாக்கை நீட்டச் சொன்னாள். ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அதோடு படிப்பு முடிந்தது. திங்கட்கிழமை சிதம்பரம் பஸ் நான் இல்லாமல் போயிற்று.

அந்த வருடமே மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வண்டி ஏறும்போது அம்மா காதில் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று: "அங்க போயி எதையும் சாவும்னு சொல்லித் தொலைக்காத."

சொல்லவில்லை. போன வாரம் மாமனார் பசுவின் கயிற்றோடு வாசலில் நின்றார். என்னிடம் ஒருநாளும் முகம் சுளிக்காத மனிதர்.

"ஏம்மா, நீ செடியப் பத்தி படிச்ச பொண்ணாச்சே. சோளம் மறுதாம்பு துளிர்த்திருக்கு. மாட்ட வுடலாமா?"

"உங்களுக்குத் தெரியாததா மாமா," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.