தீவுக்குப் போன கேசட்

எழுத உட்காருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவளுக்கு எழுத்து மட்டும் எங்கிருந்து வரும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் என் அக்கா மகள், "சித்தி, எல்லாரும் வாய்ஸ் மெசேஜ் போடறாங்க, நீங்க மட்டும் ஏன் டைப் பண்ணிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். அவளிடம் சொல்ல வராததால் இங்கே எழுதுகிறேன். என் குரலைப் பதிவு செய்து கேட்க எனக்குப் பயம்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆஸ்டின் டவுன் என்ற பேட்டையில் இருந்தோம். அப்பாவுக்கு நடுக்கடலில் ஒரு தீவில் வேலை. தீவு முழுக்க ஏதோ வெளிநாட்டு ராணுவத்துக்குச் சொந்தம். ராணுவம் என்றாலும் சமைக்கவும் துவைக்கவும் முடி வெட்டவும் ஆள் வேண்டுமே. ஏஜென்ட் மூலமாகப் போன அப்பா அங்கே லாண்டரியில் இருந்தார். குடும்பத்தைக் கூட்டிப் போகக் கூடாது. ஒப்பந்தம் முடியாமல் திரும்பவும் முடியாது. லீவும் முறை வைத்துத்தான் கிடைக்கும்.

லீவில் வந்தால் அப்பா தீவைப் பற்றிச் சொல்லுவார். அங்கே ஒரே ஒரு கடை. பீர், பிளேடு, சாக்லேட் எல்லாம் கிடைக்கும், ஒரு குழந்தைச் செருப்பு கிடைக்காது. ஏனென்றால் தீவில் குழந்தையே கிடையாது. முன்பு ஜனங்கள் இருந்த தீவுதானாம். அவர்களை எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். கூரையில்லாத சர்ச் ஒன்றும் பக்கத்தில் கல்லறைகளும் மட்டும் மிச்சம். லாண்டரி ஆட்கள் முறை போட்டு அங்கே புல் வெட்டுவார்கள். அதில் சில கல்லறைகள் முழங்கை நீளம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

அதனாலோ என்னவோ, அங்கே ஒரு வழக்கம். லீவில் வருகிறவர் திரும்பும்போது எல்லார் வீட்டிலிருந்தும் கேசட் வாங்கிப் போவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு லாண்டரிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பார்கள். யார் பிள்ளை பேசினாலும் எல்லாரும் கேட்பார்கள். கல்யாணம் ஆகாதவர்கள்கூட வருவார்களாம்.

அப்பாவோடு வேலை பார்த்தவர் ஜோகுபாளையத்து மாமா. ராணுவ உடுப்புகளைத் தைத்துக் கொடுக்கும் டைலர். அவருக்கும் என் வயதில் ஒரு பெண். "ரெண்டு பேருக்கும் ஒரே குரல். கேசட்டப் போட்டா யார் பொண்ணுன்னு அங்க பந்தயம் கட்டுவானுங்க" என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார்.

அந்த முறை அப்பா லீவில் வந்தபோது, மாமா தன் மகளுக்காக ஒரு கவுன் கொடுத்தனுப்பியிருந்தார். வெள்ளைப் படுக்கை விரிப்பில் தைத்த கவுன். அளவு பார்க்க அங்கே பிள்ளை ஏது? மனசிலேயே வளர்த்துப் பார்த்துத் தைத்திருந்தார். அப்பாவின் பெட்டியில் அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதன் மேலேயே கண்.

அதை எடுத்துக்கொண்டு ஜோகுபாளையம் போன அப்பா சாயங்காலம்தான் திரும்பி வந்தார். அந்தப் பெண் இரண்டு மாதம் முன்பே காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. முந்தின வருடம் தீவில் ஒருவர், ஊரில் மனைவி இறந்த சேதி கேட்டுக் கடலுக்குள் நடந்து போய்விட்டாராம். ஆழமில்லாத கடல், வெகுதூரம் நடக்கலாம். எல்லாரும் கரையில் நின்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இது மாமாவின் மனைவி, ஆண்ட்டிக்கும் தெரியும். "அண்ணா, அவருக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் அவர் உயிரோட இருக்கணும்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று என்னிடம் சொன்னது, அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அவளுக்குப் பதில் கேசட்டில் நீ பேச வேண்டும் என்பதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வீட்டின் சத்தமும் கேசட்டில் விழ வேண்டும் என்று அப்பா அங்கேயே பதியச் சொன்னார். ஆண்ட்டி வீட்டில் எப்போதும் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு இருந்தது. உள் அறைக்குத் திரை போட்டிருந்தது. அவள் உள்ளேதான் படுத்திருக்கிறாள் என்று நினைத்து, திரைக்குப் பக்கத்தில் போய், "நல்லாயிடுச்சா?" என்று மெல்லக் கேட்டேன். திரை மட்டும் ஃபேன் காற்றில் ஆடியது. ஆண்ட்டி என்னைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, "அவ தூங்கறா. அப்பான்னு சொல்லாத, டாடின்னு சொல்லு. சொல்ப இழுத்துப் பேசு" என்று சொல்லிக் கொடுத்தார்.

ரெக்கார்டர் ஓடியது. ஆண்ட்டி மெஷினில் உட்கார்ந்தார். டாடி சாப்பிட்டீங்களா, கவுன் எனக்குச் சரியா இருக்கு டாடி, போட்டுட்டுத்தான் பேசறேன் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசியில் சொல்லிக் கொடுக்காத ஒன்றை நானாகச் சேர்த்தேன்.

"மம்மி என்னத் திட்டிட்டே இருக்காங்க டாடி."

"பொய் சொல்லாதடி, வாலு. எப்பத் திட்டினேன்?" என்றார் ஆண்ட்டி, சிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

மெஷின் நின்றது. அப்பா பதிவை நிறுத்தவில்லை, ஓட்டு என்று கையை மட்டும் ஆட்டினார். ஆண்ட்டி மறுபடி மிதித்தார். அப்போதுதான் பார்த்தேன், ஊசிக்கு அடியில் துணியே இல்லை. முதலிலிருந்தே இருந்திருக்காது. ஊசி சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்ட்டி மெஷினைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீவில் அதைப் போட்டபோது மாமா கடைசிவரை கேட்டாராம். பிறகு அப்பாவிடம், "உன் பொண்ணு நல்லா பேசறா" என்று மட்டும் சொன்னாராம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த கேசட்டைத்தான் முதலில் போடச் சொல்லுவாராம். எட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தார்.

ஆண்ட்டி துணியில்லாமல் ஏன் தைக்கிறார் என்று அந்தச் சனிக்கிழமை வரும் வழியில் பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நன்றாகப் பேசவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆண்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்து அந்த வெள்ளைக் கவுனைக் கொடுத்தார். இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்திருந்தார். எனக்குச் சரியாக இருந்தது. போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன்.