பிள்ளையைத் தூக்காத கை

என் மகனுக்கு ஏழு மாதம் ஆனபோது என் வலது கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தான். அடி ஒன்றும் இல்லை. கழுத்தில் தொடங்கித் தோள் வழியாகக் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்தது போல ஓர் இழுப்பு வந்தது; கை தானாக விட்டுவிட்டது. நாத்தனார் ஓடிவந்து அவனை வாரிக்கொண்டாள். நான் மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே நின்றேன்.

கணவர் குவைத்தில் இருந்தார். திண்டிவனம் வீட்டில் நானும் அவருடைய தங்கையும் குழந்தையும்தான். விழுப்புரத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர், கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். பால் கொடுப்பதால் வீரியமான மாத்திரை வேண்டாம். பிசியோதெரபி செய்து பார்க்கலாம். சரியாகவில்லை என்றால் ஆபரேஷன்.

பிசியோதெரபிக்காக அடிக்கடி விழுப்புரம் பஸ் ஏறினோம். கழுத்தில் காலர் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் விறைப்பாக உட்கார்ந்திருப்பேன். வேகத்தடை வந்தால் உயிர் போகும். நாத்தனார் மடியிலிருந்து குழந்தை என் பக்கம் தாவுவான். “அம்மாக்கு உவ்வாடா செல்லம், அத்தைகிட்டயே இரு,” என்று அவள் பிடித்துக்கொள்வாள். சில வாரங்களில் அவன் தாவுவதை விட்டுவிட்டான். அதைக் கவனித்த அன்று வீடு வரும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

வலி குறையவில்லை. தோசைக்கரண்டி கூடக் கையில் நிற்கவில்லை. கழுத்தை இழுத்துவிடும் மிஷினில் படுக்க வைத்தார்கள். தாடையையும் பின்மண்டையையும் பட்டையால் கட்டிய பிசியோதெரபி பெண், ஒரு சுவிட்சை என் வலது கையில் வைத்தாள். “தாங்கலன்னா இத்த அமுக்குங்கக்கா, நின்னுடும்,” என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே நாத்தனாரிடம் இருந்த குழந்தை வீறிட்டான். மூச்சு முட்டும் அழுகை. பால் கசிந்து ஜாக்கெட் நனைந்தது. சுவிட்சை அமுக்க முயன்றேன். கட்டைவிரல் அசையவே இல்லை. இடது கைக்கு மாற்றப் பார்த்தபோது அது நழுவிக் கட்டிலுக்குக் கீழே தொங்கியது. தாடை கட்டியிருந்ததால் கத்தவும் முடியவில்லை. மாதாவே, மாதாவே என்று தொண்டைக்குள் முனகிக்கொண்டே காலால் கட்டிலை உதைத்தேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பிசியோதெரபி பெண் வந்தாள்.

பட்டையை அவிழ்த்ததும் வெடித்துவிட்டேன். “எனக்கு எதுவும் வேணாம்மா. ஆபரேசனாவது பண்ணுங்க, இல்ல இந்தக் கைய வெட்டிப் போடுங்க. எம்புள்ள அழுவுறான், என்னால எழுந்து போவ முடியல.”

அவள் கீழே தொங்கிய சுவிட்சை எடுத்து வைத்தாள். “சுவிட்ச இடது கையில குடுத்திருக்கணும். என் தப்புதான்கா,” என்றாள். பிறகு வெளியே போய்க் குழந்தையைத் தூக்கிவந்தாள். “பால் குடுங்க. எப்பிடிக் குனியறீங்கன்னு நான் பாக்கறேன்.”

நான் கழுத்தை வளைத்து அவனிடம் குனிந்தேன். “இப்பிடியே நாள் பூரா குனிஞ்சிக்கினு இருந்தா எப்பிடிக்கா?” என்று என் மடியில் இரண்டு தலையணை போட்டு அவனை உயர்த்தினாள். நான் குனியத் தேவையிருக்கவில்லை. அன்றோடு மிஷினை நிறுத்திவிட்டு, தாடையை உள்ளிழுத்துப் பிடிக்கவும் தோளைப் பின்னுக்குத் தள்ளவும் பழக்கினாள்.

உடனே ஒன்றும் மாறவில்லை. செய்தேன், அழுதேன், மறுபடி செய்தேன். குவைத்திலிருந்து போன் வந்தால், “பரவால்ல, குறையுது,” என்று பொய் சொன்னேன். அது உண்மையாவதற்கு மாதங்கள் பிடித்தன. முதலில் தோள்வலி அடங்கியது. பிறகு மரத்த விரல்களில் எறும்பு ஊறுவது போல உணர்ச்சி திரும்பியது. கட்டைவிரல் நுனியில் இன்றைக்கும் சூடு தெரிவதில்லை.

அவன் நடக்கத் தொடங்கிய பிறகுதான், உட்கார்ந்தபடியே, இரண்டு கையாலும் அவனை, அன்று நழுவவிட்ட பிறகு முதன்முதலாக, தூக்கி மடியில் வைத்தேன். எவ்வளவு கனம்! அவனோ நாத்தனாரைப் பார்த்துக் கைநீட்டி அலறினான். “விடுங்க அண்ணி, பயப்படுறான்,” என்றாள் அவள். நான் கொஞ்ச நேரம் விடவில்லை. அவன் அழுகை நிற்கவில்லை. கடைசியில் அவளிடமே கொடுத்தேன்.