முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு

எங்கள் ஆஸ்பத்திரியில் செத்த பிறகும் வேலைக்கு வருகிற ஒரே ஆள் கண்ணாடியக்காவின் வீட்டுக்காரர்தான். பயிற்சி அறை டிவியில், புதிதாகச் சேருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் வந்து நின்று, ஆட்டோகிளேவை எப்படி இயக்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார். அந்த வீடியோவைப் போட்டுவிடும் வேலை அக்காவுக்கு. இப்படி ஒரு வேலையை அவளுக்கு ஒதுக்கிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

நான் ஆபரேஷன் துணிகளை மடித்து மூட்டை கட்டுகிறவள். கட்டிய மூட்டைகள் ஜன்னல் வழியாகப் பக்கத்து ஸ்டீம் ரூமுக்குப் போகும். அங்கே ஒரு ஆள் குனிந்து உள்ளே போகலாம் என்கிற அளவில் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதுதான் ஆட்டோகிளேவ். மூட்டைகளை அடுக்கி, சக்கரத்தைச் சுற்றிக் கதவை இறுக்கி, நீராவியை ஏற்றினால் கிருமி சாகும். பிறகு ஆவியை வெளியே விட்டுவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் மிச்ச ஆவி திறந்தவர் மேல்தான் வந்து விழும்.

அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் ஆபரேட்டர் அண்ணன் என்போம். லேசாகக் கூன், பேச்சு குறைவு. ஆவியைத் திறந்துவிட்டு, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கியதும், ஆணியில் தொங்கும் விளக்கப் புத்தகத்தை எடுப்பார். எப்போதும் அதே பக்கம்தான். உதடு அசைய, ஒரு வரி விடாமல் படிப்பார். "என்ன அண்ணே, பரீட்சையா?" என்று கேலி செய்வோம். "ஆமா, தெனமும் பரீட்சைதான்" என்பார். படித்து முடித்துப் புத்தகத்தை மாட்டிவிட்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, முள்ளின் கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம்தான் சக்கரத்தில் கை வைப்பார். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

அவரை வைத்து வீடியோ எடுத்தார்கள். சில மாதத்திலேயே ஒரு காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை.

அக்கா வீடியோவைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். திரையை ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டாள். குரல் மட்டும் முதுகில் விழும். கஷ்டமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "அவரு வேலையை அவரு பாக்குறாரு, என் வேலையை நான் பாக்குறேன்" என்றாள்.

புத்தகத்துக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். டிவி தாழ்வாக இருக்கிறது, பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று அதை அடியில் முட்டுக்கொடுத்தாயிற்று. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா. கண்ணால பாத்தாத்தான் மனசுல நிக்கும்" என்பார் சூப்பர்வைசர். அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. மூட்டையின் முடிச்சை நானே ஒரு வீடியோ பார்த்துத்தான் திருத்திக்கொண்டேன். முடிச்சுக்கு அது போதும்.

ஆனால் ஸ்டீம் ரூமுக்கு வந்தவர்களை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒவ்வொருவரும் தலையை இடப்பக்கம் சாய்த்து, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்கள். அண்ணனை நேரில் பார்க்காதவர்கள், அவர் போனபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். கூன் இல்லாதவர்கள்கூட அந்த நேரத்தில் லேசாகக் குனிந்தார்கள். கடைசியாக வந்த சின்ன மெஷினில் முள்ளே கிடையாது, எண்தான் தெரியும். அதையும் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி இல்லாத நேரத்தில் என்னோடு துணி மடிக்கிற கண்ணாடியக்கா, ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிமிர்வாள்.

நெட்டையன் என்று ஒரு பையன் சேர்ந்திருந்தான். ஒரு நாள் ஆவியை விட்டான், முள் இறங்கியது, இரண்டு தட்டு தட்டினான், கதவைத் திறந்தான். அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. முழங்கை வரை தோல் வழன்றுவிட்டது. "முள்ளு பூஜ்யத்துலதான் இருந்துச்சு, சத்தியமா. வீடியோல அப்படித்தானே திறக்குறாரு" என்று கட்டிலில் கிடந்து அழுதான்.

அதற்கு சூப்பர்வைசர் கண்ட மருந்து, எல்லோரும் இன்னொரு தடவை வீடியோ பார்க்க வேண்டும் என்பது.

அன்றுதான் அக்கா முதல்முறையாகத் திரையைப் பார்த்தாள். எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். அண்ணன் ஆவியைத் திறந்துவிடுகிறார், உடனே முள்ளைத் தட்டுகிறார், சக்கரத்தைச் சுற்றுகிறார். "பின்னாடி சுவத்துல கடிகாரத்தைப் பாரு" என்றாள். பார்த்தேன். ஆவியைத் திறந்துவிடும்போது பன்னிரண்டில் இருந்த பெரிய முள், அவர் தட்டும்போது இரண்டில் இருந்தது. அவள் திரும்பவும் ஓட்டினாள். மறுபடியும் அதே தாவல்.

"நடுவுல இருந்த மனுஷன் எங்கடி போனாரு?" என்றாள்.

சூப்பர்வைசரைக் கேட்டோம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுல ஒண்ணும் நடக்கலையேம்மா. சும்மா நின்னு புத்தகம் படிச்சிட்டிருந்தாரு. அதை யாரு பாப்பாங்கன்னு வெட்டிட்டாங்க."

மனிதர் கெட்டவர் இல்லை. வீடியோ முடிந்ததும் 'காத்திருந்து திறக்கணும்' என்று வாயால் சொல்லிவிடுங்கள் என்று அக்காவிடமே ஒப்படைத்தார். அவளும் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். பெட்டிக்கு முன்னால் போய் நின்றதும் தலை கேட்டதைக் கை கேட்கவில்லை. கொஞ்சம் நின்று, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்து, கடைசியில் தட்டிவிட்டுத் திறந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அக்காவின் மகள் ஸ்டீம் ரூமுக்குத் தேர்வானாள். வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அப்பா நடந்து பேசுவதை அவள் பார்த்ததெல்லாம் அந்த ஒரு வீடியோவில்தான். அதைப் போனில் ஏற்றி வைத்திருந்தாள். சாப்பிடும்போது பார்ப்பாள், படுக்கும்போது பார்ப்பாள். பாத்திரத்து மூடியைக்கூட இரண்டு தட்டு தட்டித்தான் திறப்பாளாம்.

"புத்தகத்தை ஒரு தரம் படிச்சிட்டுப் போடி" என்று அக்கா கெஞ்சியிருக்கிறாள்.

"அப்பாவே நேர்ல சொல்லிக்குடுக்குறாரும்மா. எல்லாருக்கும் அந்தக் குடுப்பினை இருக்கா? இதுக்கு மேல புத்தகம் எதுக்கு?"

அந்த வீடியோ பொய் என்று எப்படிச் சொல்வாள்? பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு அப்பாதான். அதையும் பிடுங்கினால் மகளிடம் என்ன மிஞ்சும் என்று என்னிடம் கேட்டாள். பிடுங்காவிட்டால் மகளின் முகம் மிஞ்சாது என்று எனக்குத் தோன்றியது.

பாப்பா முதன்முதலாகத் தனியாகப் பெட்டியை இயக்கிய அன்று நான் மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன். ஆவியைத் திறந்துவிட்டாள். முள் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. தலையை இடப்பக்கம் சாய்த்தாள். லேசாகக் குனிந்தாள். தட்டினாள், இரண்டு தட்டு. அப்பன் அப்படியே எழுந்து வந்து நிற்பதுபோல இருந்தது. கை சக்கரத்துக்குப் போனது.

பயிற்சி அறைப் பக்கம் டிவி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அக்கா புத்தகத்தோடு ஓடிவந்தாள். மகளின் கையைப் பிடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே புத்தகத்தை நீட்டினாள்.

"இதைப் படிச்சிட்டுத் திற. எனக்காக ஒரே ஒரு தடவை."

பாப்பா முறைத்தாள். தொல்லை விட்டால் போதும் என்று வாங்கினாள். புத்தகம் தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது. வேண்டாவெறுப்பாக, கடகடவென்று படிக்கத் தொடங்கினாள்.

"முள் பூஜ்யத்தைக் காட்டினாலும் பெட்டிக்குள் ஆவி இல்லை என்று கொள்ளக் கூடாது." நிறுத்தினாள். முள்ளைப் பார்த்தாள். "ஏம்மா?"

வீடியோவை அத்தனை தடவை பார்த்தவள், ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது.

"தெரியலடி. மேல படி."

"துணி மூட்டைகளின் மடிப்புகளில் தங்கிய ஈரம், பெட்டியின் சூட்டில் மறுபடியும் ஆவியாகும்." இப்போது மெதுவாகப் படித்தாள். மடித்தவள் நான்தானே. "முள்ளை மட்டும் நம்பாமல், வெளிக்குழாயின் சீறல் அறவே நிற்கும்வரை காத்திருக்கவும். அதன் பிறகு முள் சிக்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவும்."

மூன்று பேரும் காதைக் கொடுத்தோம். சுவருக்கு அப்பால் குழாய் சீறிக்கொண்டுதான் இருந்தது.

பாப்பா சக்கரத்தை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். பிறகு மறுபடியும் முதல் வரியிலிருந்து, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் படித்தாள். பக்கம் முடிகிற நேரத்தில் சீறல் அடங்கியிருந்தது. அவள் கட்டைவிரல் பக்கத்து ஓரத்தில், பழைய அழுக்குத் தடம் ஒன்றின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது.

"அப்பா இதைத்தான் படிப்பாராம்மா?"

"தெனமும்."

"வீடியோல இது இல்லையே."

"அதை வெட்டிட்டாங்க" என்றாள் அக்கா. அத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு அழாமல் இருந்தவள் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள்.

புத்தகம் இப்போது ஆணியில் தொங்குகிறது. டிவிக்கு ஒரு பலகையை முட்டுக்கொடுத்திருக்கிறோம். அண்ணன் அதில் இன்னமும் அவசரமாகக் கதவைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார். பாப்பா போனில் அதைப் பார்ப்பதில்லை. ஸ்டீம் ரூமில் அவள் படிக்கும் நேரம் வந்தால் அக்கா என் ஜன்னலுக்கு வந்து நிற்பாள். "இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்துவாரு" என்று அண்ணனைப் பற்றி மெதுவாகச் சொல்வாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பாப்பா அங்கே நிறுத்தியிருப்பாள்.