விரதமும் புரதமாவும்

கந்தசஷ்டியின் நடுவில் ஒரு காலை, சிறுநீர் பால் விடாத சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் போனது. தொடைகள் இரண்டும் இறுகிக் கிடந்தன. கக்கூசில் குந்தி எழும்பக் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நான் பாரம் தூக்கும் வீராங்கனை. தர்மபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் சஷ்டி பிடிப்போம். பகலில் தண்ணீரும் இல்லை. இரவில் ஒரு கோப்பை பாலும் பழமும்தான். மாகாணப் போட்டி நெருங்கியதால் பயிற்சியை விட எனக்கு மனமில்லை. சுவிசிலிருந்து அண்ணா அனுப்பிய புரதமா (தசை வளர்ச்சிக்கான சத்துமா) அலுமாரியில் இருந்தது. அந்தத் தகரப் பேணியில் இருந்ததெல்லாம் ஜெர்மன் எழுத்து; அளவு எனக்கு விளங்கவில்லை. பாலோடு போவது சாப்பாட்டில் சேராது என்று அள்ளி அள்ளிக் கரைத்துக் குடித்தேன். முருகனையும் சமாளித்து, தசையையும் காப்பாற்றும் கெட்டித்தனம்.

"விரதச் சூடு பிள்ளை. விரதத்தை விட்டிட்டு இளநீர் குடி," என்றார் அம்மா. அவர் வெட்ட வெட்டக் குடித்தேன். மறுநாள் சிறுநீரே வரவில்லை. முகம் வீங்கியது.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் கேட்டார்: "பயிற்சியை எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"நிப்பாட்டேல்லை."

"மாவில மட்டும் பிழை சொல்லேலாது. தண்ணியில்லாத உடம்பில பாரம் தூக்கித் தசை உடைஞ்சிட்டுது. அந்தக் கழிவு கிட்னியை அடைச்சுப்போட்டுது. அவ்வளவு மாவும் அதுக்கு மேல ஒரு சுமை."

இதற்குத் தசைச் சிதைவு என்று பெயர். சிறுநீர் போகாத உடம்பில் இளநீரின் பொட்டாசியம் (இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய உப்பு) தேங்கும் என்றும் அவர் சொன்னார்.

வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தச் சுத்திகரிப்புச் செய்தார்கள் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது). பக்கத்துக் கட்டிலில் புளியங்குளத்து விவசாயி ஒருவர். அவருக்கும் சிறுநீரகம்தான்; அந்தப் பக்கத்தில் அதற்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வார்கள்.

"எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சனீங்கள் பிள்ளை?"

"குடிக்காமத்தான் ஐயா வந்தனான்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு எனக்கு அழுகை நிற்கவில்லை.

இயந்திரத்திலிருந்து விடுபட்டுவிட்டேன். சிறுநீரகங்கள் முழுதாகத் திரும்பவில்லை. இனிப் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தையே அம்மாதான் தூக்குகிறார். இந்தத் தோள்களோடு நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அது அவமானமாக இருக்கிறது. இதை வாசிக்கும் வீரர்களே, அந்த நிறத்தைக் கண்டால் வீட்டில் இருக்காதீர்கள்.

முன்பு என் காலம் போட்டியிலிருந்து போட்டிக்கு ஓடியது. இப்போது ஒரு இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததற்கு ஊர்கிறது. முற்றத்துத் தென்னையில் இளநீர் முற்றித் தேங்காயாகி விழுகிறது. அம்மா அதன் பக்கம் போவதில்லை.

இந்தமுறை சஷ்டியை அம்மா மட்டும் பிடித்தார், எனக்காக. வேண்டாம் என்று சண்டை பிடித்தும் கேட்கவில்லை. காலையில் கக்கூஸ் கதவுக்கு வெளியே வந்து நிற்பார்.

"என்ன நிறம் பிள்ளை?"

"தண்ணி நிறம்தான், அம்மா."

அதைக் கேட்ட பிறகுதான் குசினிக்குச் சமைக்கப் போவார். சில நாட்களில் நான் பதில் சொல்லச் சற்று நேரமாகும். அதுவரை வெளியே அவர் மூச்சுச் சத்தமும் கேட்பதில்லை.