விதைக்கு விடாத சங்குப்பூ

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்த மூங்கில் வேலியில் வெள்ளைச் சங்குப்பூக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. வேலி பொது, கொடி பக்கத்து வீட்டு அக்காவுடையது. விதை ஊன்றியது அவருடைய மகள். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்ட குழந்தை.

எங்கள் சித்தூர் ஆந்திராவுக்கா தமிழ்நாட்டுக்கா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த காலம். அக்காவின் வீட்டுக்காரர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இனித் தெலுங்கு தெரியாமல் காலம் தள்ள முடியாது என்று வேலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கிளம்பும் அன்று அக்கா கொடியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"புடுங்கி எடுத்துக்கினு போனா பொழைக்காது. ஒரு பத்து காய மட்டும் வுட்டு வை, அம்மாடி. நல்லா காஞ்சி, ஆட்டினா கலகலன்னு சத்தம் வரசொல்லோ பறி. வைகாசியில வந்து வாங்கிக்கினு போறேன்."

"இதெல்லாம் சொல்லணுமாக்கா? நான் பாத்துக்கிறேன்" என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு எப்போதுமே தாராள மனசு.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. அந்த மாசியில் சிவன் கோயிலுக்கு ஒரு மண்டலம் வெள்ளைப் பூ சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். சாமிக்கு என்று நேர்ந்த பிறகு ஒரு பூவைக் கொடியில் விட்டாலும் திருட்டுதான் என்று எனக்கு ஒரு பிடிவாதம். விடிந்ததும் கூடையோடு போய் நிற்பேன். சங்குப்பூ பறிக்கப் பறிக்கப் பூக்கும். நாற்பத்தெட்டு நாளும் கூடை நிறைந்தது. எனக்காகவே பூக்கிறது என்று பூரித்துப்போனேன். பூவை விட்டால்தான் காய் என்பது தெரியாத சின்னப் பெண்ணா நான்? மண்டலம் முடியட்டும், பிறகு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மண்டலம் முடிந்த கையோடு நாள் தள்ளிப்போனது. சந்தோஷம் ஒரு பக்கம், வாந்தி ஒரு பக்கம். பாயை விட்டு எழவில்லை. சித்திரை வெயிலில் கொடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒருநாள் எழுந்து போய்ப் பார்த்தால் வேர்வரை காய்ந்து கிடந்தது. ஒரு காய் இல்லை. நானே அதை உருவிக் குப்பையில் போட்டேன்.

சொன்னபடி வைகாசியில் அக்கா பஸ் ஏறி வந்தார். விதைக்கென்று துவைத்த துணிப்பை ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தார். வெறும் வேலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆடு பூந்து மேஞ்சிடுச்சிக்கா" என்றேன். எப்படித்தான் அவ்வளவு சட்டென்று வந்ததோ அந்தப் பொய்.

அக்கா துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "முழுகாம இருக்கியா?" என்றார். நான் தலையாட்டியதும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார்.

"வுடு, அழுவாத. வாயில்லா ஜீவன். அது எம்பொண்ணு வச்ச கொடின்னு அதுக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல அன்றைக்கும் வாய் வரவில்லை, அவர் இருந்தவரை ஒருநாளும் வரவில்லை.