இரு சேனைகளும் ஓட, நான் முடிசூடியது

உள்நாட்டுப் போரின் நடுவே ஒரு நாட்டின் அரியணையைக் கைப்பற்றிய சேனாபதி நான். அப்போது எனக்கு வயது பத்து. புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்களே கழிந்திருந்தன.

மாவட்ட நாடகப் போட்டிக் கோப்பையைத் தாயில்பட்டிப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கொண்டுபோயிருந்தனர். அதை எங்கள் ஆனைக்குட்டத்துக்கு மீட்கும் பொறுப்பை, பட்டாசு ஆலையில் வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மேனாக இருந்த என் தாய்மாமன் தாமே ஏற்றுக்கொண்டார். நாடகமும் அவர் எழுதியதே. மன்னன் இறந்ததும் அண்ணனும் தம்பியும் நாட்டைப் பிளந்து போரிடுகின்றனர். சேனாபதி இரு படைகளையும் முறியடித்துத் தானே முடிசூடுகிறான். அச்சகத்தில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள்களை ஒட்டி அத்தை எனக்குக் கவசம் செய்தாள். மார்பில் ஒரு கிளியும் முதுகில் ஏழு ரோஜாக்களும் இருந்தன.

இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் படித்த சிறுமிக்கு, வசனமில்லாத சிப்பாய் வேடம். அவள் பேச்சைக் கேட்டால் சபை சிரித்துவிடும் என்று மாமா அஞ்சினார்.

ஒத்திகையில் தகர டப்பாவே பீரங்கி. போட்டியன்று மாமா ஒருவரிடமும் சொல்லாமல், மேடைக்குப் பின்னால் அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட்டார்.

வெளியூர்ப் பிள்ளைகளாயின் மகிழ்ந்திருப்பர். நாங்களோ, வெடிச்சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அண்ணன் படை ஓடிற்று. தம்பி படை ஓடிற்று. இளவரசர் இருவரும் கிரீடங்களை எறிந்துவிட்டு, தத்தம் படைகளுக்கும் முன்னால் ஓடினர். சபையிலும் ஆலைத் தொழிலாளர் பாதிப் பேர் எழுந்து, பின்பு நாணி அமர்ந்தனர்.

நானும் ஓடியிருப்பேன். அச்சிறுமி என் காலைப் பற்றி இழுத்துக் கீழே வீழ்த்தினாள்.

"ஓடாதை. குப்புறக் கிட."

புகை விலகிற்று. தலை நிமிர்த்திப் பார்த்தேன். எதிரிகள் ஒருவரும் இல்லை. அரியணை காலியாக இருந்தது. திரைமறைவிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஏலே, கிரீடத்த எடுத்து வைலே. ஒத்த ஆளா நின்னு செயிச்சுட்டலே."

எழுந்தேன். கிரீடத்தைச் சூடி அமர்ந்து, அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, இனி இந்நாடு என்னுடையது என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. படைகள் ஓடிய அச்சமும், மாண்ட சிப்பாய் அசையாது கிடந்த நேர்த்தியும் தாம் எந்த மேடையிலும் காணாதவை என்று நடுவர் புகழ்ந்தார். கோப்பை எங்களுடையதாயிற்று.

சிப்பாய் மட்டும் திரை விழுந்த பின்னும் எழவில்லை. இரு கைகளாலும் தலையை மூடியபடியே கிடந்தாள். சபையிலிருந்து அவள் தாய் மேடையேறி வந்து அருகில் அமர்ந்து, முதுகைத் தடவினாள்.

"தீபாவளி வெடியடி பிள்ளை. எழும்பு. இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம்."

மாமா கையில் மாலையோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பின்னர் என்னைத் தோளில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுசென்றார். கோப்பையை உயர்த்திப் பிடித்திருந்த எனக்கு ஒரே ஒரு குறை. புதிய அரசனை வணங்காமலே அந்தச் சிப்பாய் போய்விட்டாளே என்று அவரிடம் முறையிட்டேன். மாமா தலை குனிந்து, நடையைத் தளர்த்திக்கொண்டார். அரசனின் பாரம் அவர் தோளை அழுத்துகிறது போலும் என்று எண்ணி, கோப்பையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தேன்.