இஸ்திரி வண்டியில் காய்ந்த பி.எஸ்சி.

முத்தாபுதுப்பேட்டைக் கலைவாணிக்கு வாழ்க்கையில் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: பி.எஸ்சி. தாவரவியலில் ஒரு அரியர். எழுத்துத் தேர்வையெல்லாம் ஊதித் தள்ளியவள். கடைசிச் செய்முறைத் தேர்வன்று பார்த்து வீட்டில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மோகன் கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்க, அங்கே கல்லூரியில் இவளுக்கு ஆப்சென்ட் போட்டார்கள். மகள் காலேஜுக்குப் போகும் வயசாகியும், அவன் தின்ற பஜ்ஜி இவளுக்குச் செரிக்கவில்லை.

பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் குதித்தாளே ஒரு குதி! இதை விட்டால் இந்த ஜென்மத்தில் பட்டம் கிடையாது. தானே பறித்து, அமுக்கிக் காயவைத்து, தாளில் ஒட்டிய இருபது செடிகளோடு போனால்தான் தேர்வு அறைக்குள் விடுவார்கள். அதனால் ஏரிக்கரை, தண்டவாள ஓரமெல்லாம் அலைந்து தும்பை, நாயுருவி, குப்பைமேனி, எருக்கு என்று பறித்துவந்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துக் கட்டில் மெத்தைக்கடியில் அமுக்கியிருந்தாள். புரண்டு படுத்தால் சரசரவென்று கேட்கும். மோகன் எலி என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

தேர்வுக்கு முந்தின நாள், ஒட்டுவதற்குத் தாள் வாங்கக் கரையான்சாவடிக்குப் போய்த் திரும்பினாள். வாசலில் மோகன் வாயெல்லாம் பல்லாக நின்றான். கையில் புத்தம்புது சிவப்பு பக்கெட்.

"நீ பரீட்சைக்குப் படிச்சிகினு கீறியேன்னு நானே ஊட்டைக் கூட்டிப் பெருக்கிட்டேன் கலை. மெத்தைக்கடியில இன்னா குப்பை! பழைய பேப்பர்காரனாண்ட போட்டு பக்கெட் வாங்கிகினேன்."

"அடப்பாவி மனுசா! அது குப்பையில்லய்யா, என் டிகிரி!"

மோகன் பக்கெட்டைக் கீழே போட்டான். வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு பேப்பர்காரனை ஆவடி வரை துரத்தினான். பேப்பர் மூட்டையெல்லாம் அதற்குள் லாரி ஏறிப் போய்விட்டிருந்தது. அழுது என்ன ஆகப்போகிறது? வரும் வழியிலேயே இருவரும் வேலியோரமெல்லாம் இறங்கிப் பறித்தார்கள். மோகன் எருக்கஞ்செடிக்காகச் சாக்கடையில் இறங்கி, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஏறினான். "ஆடு எத்தினி வெச்சிக்கீறீங்க?" என்று வழியில் ஒருவர் கேட்டார். கலைவாணிக்கு அந்த வேதனையிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பறித்தாயிற்று. விடிவதற்குள் காய வேண்டுமே! தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஓடினாள்.

"யக்கா, இதுங்களக் கொஞ்சம் தேச்சுக் குடு."

வண்டிக்கார வேம்புலியம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாம்மா இது? கீரைக்கெல்லாம் நான் மடிப்பு வெக்க மாட்டேன்!"

விஷயத்தைக் கேட்டதும் அவளே கரியை ஊதிவிட்டாள். செடிக்கு மேலே பேப்பர், பேப்பருக்கு மேலே இஸ்திரிப் பெட்டி. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தெருவே கஷாயம் காய்ச்சினாற்போல் மணக்க, "யாருக்கு ஜுரம்?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. எருக்கம்பால் பெட்டியில் ஒட்டிக்கொண்டபோது வேம்புலியம்மாள் விட்ட வசவை எழுத முடியாது. மோகன் ஒற்றைச் செருப்போடு நின்று விசிறினான். கலைவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் கல்லூரிப் படியேறும்போது அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ! தேர்வு அறை வாசலில் தேர்வாளர் அம்மா தாள்களைப் புரட்டினார். குப்பைமேனியின் ஓரம் அப்பளமாகச் சிவந்திருந்தது.

"எத்தனை நாள் காயவெச்சீங்க?"

பத்து நாள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லி வாங்கினால் அது பட்டமா? "நேத்து சாயந்திரம்தான் மேடம். இஸ்திரி வண்டியில..." என்று ஆரம்பித்து, பக்கெட், லாரி, செருப்பு வரை கொட்டிவிட்டாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு செடிக்கும் பெயர் கேட்டார், தாவரக் குடும்பம் கேட்டார். கலைவாணி தடுமாறாமல் சொன்னாள். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்களே பறிச்சிருக்கணும், நல்லா காஞ்சிருக்கணும். அதான் விதி. எதுல காயவெக்கணும்னு எங்கேயும் எழுதல. உள்ளே போங்கம்மா." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் சிரிப்பு வெடித்துவிட்டது.

முடிவு வந்த அன்று கலைவாணி செல்போனைப் பார்த்தாள். 'தேர்ச்சி' என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். மோகன் பதறி ஓடிவந்தான்.

"இன்னா கலை? பூட்ச்சா?"

"பாஸுய்யா! கெளம்பு, வண்டிய எடு."

"எங்க, கோயிலுக்கா?"

"எம்.எஸ்சி. எங்க சேக்கறாங்கோன்னு கேட்டுகினு வரலாம், வா!"